இரும்புச்சத்து மாத்திரையும் பிள்ளைகளின் படிப்பும்

"எத்தனை தடவை சொன்னாலும் இவனுக்குப் படிப்பு ஏறுதில்லையே" என்று லயங்களில் தாய்மார் சொல்லக் கேட்கிறோம். சில வேளை குறை இரத்தத்தில் இருக்கலாம்.

மூச்சுக்காற்றில் உள்ள பிராணவாயுவை மூளைக்குக் கொண்டுபோவது இரத்தம். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் பிள்ளைக்குக் களைப்பு வரும், பாடத்தில் கவனம் நிற்காது.

மாத்திரை உதவுமா? அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து மாணவிகளிடம் செய்த ஆய்வொன்று 1996இல் வெளிவந்தது. இரும்புச்சத்து குறைந்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 8 வாரம் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை பெறாதவர்களைவிட அவர்கள் சொற்களைக் கற்று நினைவில் வைப்பதில் முன்னேறியிருந்தார்கள். ஆனால் சத்துக் குறையாத பிள்ளையை மாத்திரை கெட்டிக்காரனாக்கி விடாது. ஆகவே வைத்தியரிடம் காட்டி, இரத்தம் பரிசோதித்து, அவர் சொன்ன அளவு மட்டும் கொடுங்கள்.

முக்கியமான விஷயம், மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. நாம் பறிக்கும் கொழுந்தின் சாயமே அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேத்தண்ணி வேண்டாம்; தண்ணீரோடு கொடுங்கள். மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம். கூடுதலாக விழுங்கினால் சிறுபிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து. மாத்திரைகளை எட்டாத இடத்தில் வையுங்கள்.