தனி டம்ளர்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் கீழ்பென்னாத்தூர் இருக்கிறது. அண்ணாமலையாரைத் தரிசிக்கக் கிழக்கேயிருந்து வரும் பக்தர்களில் பலர் இந்த ஊரைக் கடந்துதான் போகிறார்கள். பௌர்ணமி தினங்களில் பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைப்பது துர்லபம். பக்கத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், அவருக்கு என்ன வியாதி என்று அப்போது யாரும் விசாரிப்பதில்லை. ஒருவர் விட்ட மூச்சை மற்றொருவர் சுவாசித்து, ஒருவர் வியர்வை மற்றொருவர் மேல் பட்டு, "அரோகரா" என்று எல்லோரும் போய்ச் சேருகிறார்கள். அன்னதானப் பந்தியில் முன்பின் அறியாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் மனிதர்களுக்குச் சந்தேகங்கள் பிறக்கின்றன.

சில மாதங்களுக்கு முன்பு நாம் கீழ்பென்னாத்தூருக்குச் சென்றிருந்தோம். ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்ள வேண்டுமென்று அவ்வூரில் ஒரு குடும்பத்தார் விரும்பியதன் பேரில், நண்பர் ஒருவர் நம்மை அவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார். திண்ணையில் வேர்க்கடலை உரித்துக் கொண்டிருந்த ஆயா எழுந்து வரவேற்றார். மருமகள் காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். மகள் கதவோரமாய் நின்றாள். அவள் கையிலும் ஒரு டம்ளர் இருந்தது. அந்த டம்ளரில் மட்டும் சிவப்பு நகப்பூச்சினால் ஒரு புள்ளி வைத்திருந்தது.

விஷயத்தை அவளே சொன்னாள். கணவன் இறந்து போய்விட்டான். இறப்பதற்குச் சற்று முன்னால் நடந்த பரிசோதனையில் இருவர் இரத்தத்திலும் ஹெச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்தது. ஏழு வயதுப் பையனுக்கு இல்லை.

"நாங்க யாரும் அவளைத் தள்ளி வைக்கலைங்க ஐயா. அவளேதான் டம்ளருக்குப் புள்ளி வெச்சுக்கிட்டா. தம் புள்ளைக்கு ஒட்டிக்குமோன்னு பயம்" என்றார் ஆயா.

"டம்ளராலே ஒண்ணும் வராதுன்னுதான் ஆஸ்பத்திரியிலே சொன்னாங்க. ஆனா மனசு கேக்கலைங்களே!" என்றாள் மகள்.

வைத்தியர் சொல்லியாகிவிட்டது, மனசுதான் கேட்கவில்லை. தமிழ் நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலைமை. ஆகையால், மனசும் கேட்கும்படியாக இந்த விஷயத்தைச் சற்று விவரமாகவே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

வேலூரில் கண்ட மஞ்சள் நிறம்

இந்தியாவில் இந்த நோயின் சரித்திரம் கீழ்பென்னாத்தூருக்கு வெகு தூரத்தில் ஆரம்பமாகவில்லை. 1985-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவியான செல்லப்பன் நிர்மலாவை இதைப் பற்றி ஆராயும்படி தூண்டினார். "எய்ட்ஸ் அமெரிக்கர்களுடைய வியாதி; நம் தேசத்தின் ஒழுக்கத்துக்கு அது இங்கே எட்டிப் பார்க்காது" என்று பலரும் நிம்மதியாக இருந்த காலம் அது. நிர்மலா சென்னையில் பாலியல் தொழிலில் அகப்பட்டிருந்த பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகள் சேகரித்தார். வைத்துப் பாதுகாக்கத் தகுந்த வசதி இல்லாததால், தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே அவற்றை வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் அவரும் அவர் கணவரும் அந்த மாதிரிகளை எடுத்துக் கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் போய், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தார்கள். அங்கே பரிசோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக நிறம் மாறின. பிறகு அமெரிக்காவில் நடந்த பரிசோதனையும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு மே மாதத்தில், அப்போது சுகாதார மந்திரியாயிருந்த டாக்டர் ஹெச். வி. ஹண்டே சட்டசபையில் செய்தியை வெளியிட்டார்.

அந்நாளில் கீழ்பென்னாத்தூர், வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-இல்தான். ஆகவே, இந்திய மண்ணில் இக்கிருமி முதன் முதலாகக் கண்டறியப்பட்ட இடம் இவ்வூராரின் சொந்த ஜில்லாத் தலைநகரமே.

அது வரையில் "நமக்கு வராது" என்று நம்பிய ஜனங்கள், அதற்குப் பிறகு "எதைத் தொட்டாலும் வந்துவிடும்" என்று நம்பத் தொடங்கினார்கள். முதல் எண்ணம் பிசகு என்று 1986-லேயே தெரிந்துவிட்டது. இரண்டாவதும் அவ்வளவுக்கு அவ்வளவு பிசகு என்பது பல பேருக்கு இன்னும் தெரியவில்லை.

நான்கு வழிகள்

ஹெச்.ஐ.வி. என்பது ஒரு நுண்கிருமி. எய்ட்ஸ் என்பது, அக்கிருமி பல வருஷங்கள் சிகிச்சையின்றி உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அரித்த பிறகு ஏற்படும் நிலைமை. இரண்டும் ஒன்றல்ல.

அக்கிருமி பிறருக்குத் தொற்றும் அளவில் இருப்பது இரத்தம், விந்து, பிறப்புறுப்புத் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றில்தான். எச்சில், கண்ணீர், வியர்வை ஆகியவற்றால் அது தொற்றுவதில்லை. மனித உடம்பை விட்டு வெளியே வந்தால் அது வெகு பலஹீனமான பிராணி. உலர்ந்தால் விரைவிலேயே சக்தி இழந்துவிடும். எனவே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு அது செல்ல நான்கு வழிகளே உண்டு. ஒன்று, ஆணுறை இல்லாத உடலுறவு. இரண்டு, கிருமியுள்ள இரத்தத்தை ஏற்றிக் கொள்ளுதல். மூன்று, ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றொருவருக்குப் போடுதல். நான்கு, கருவிலோ, பிரசவத்திலோ, பாலூட்டும்போதோ தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லுதல்.

டம்ளரின் விளிம்பில் ஒட்டும் எச்சிலுக்கு இந்த நான்கிலும் இடமில்லை. ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே பாயில் படுப்பது, துணிகளைச் சேர்த்துத் துவைப்பது, கோயில் குளத்தில் குளிப்பது, ஒரே கழிப்பறையை உபயோகிப்பது, கட்டிக் கொள்வது, குழந்தையின் கன்னத்தில் முத்தமிடுவது, இருமல், தும்மல் இவற்றில் எதற்குமே இடமில்லை.

திண்ணைக் கேள்விகள்

இதைச் சொல்லிக் கொண்டிருக்கும்போதே அண்டை அயலார் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு கேள்விகளுக்குக் குறைவில்லை. பெயர் சொல்லாத வரையில் இவ்விஷயத்தில் எல்லோருக்கும் ஏதாவது கேட்க வேண்டியிருக்கிறது!

"கொசு இவங்க ரத்தத்தைக் குடிச்சுட்டு நம்மைக் கடிச்சா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கொசு கடிக்கும்போது நம் உடம்பில் செலுத்துவது தன் உமிழ்நீரையே அன்றி, முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. மலேரியாக் கிருமி கொசுவின் உடம்பில் வளரக் கூடியது, ஹெச்.ஐ.வி. அங்கே வளருவதில்லை, ஜீரணமாகிவிடுகிறது. இன்னுமோர் அத்தாட்சியும் உண்டு. கொசு கிழவர், குழந்தை என்று பார்த்துக் கடிப்பதில்லை. கொசுவினால் இந்த நோய் பரவுமானால், கொசு மிகுந்த ஊர்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்திருக்க வேண்டும். அப்படி எங்கும் வரவில்லை.

"மொட்டை அடிக்கிற கத்தி?" என்றார் இன்னொருவர். சவரக் கத்தியினால் ஹெச்.ஐ.வி. பரவுவது மிக மிக அபூர்வம். ஆனாலும் ஆளுக்கொரு புது பிளேடு போடச் சொல்லிக் கேட்பது நல்லது. ஹெச்.ஐ.வி.யைவிட எளிதில் இரத்தத்தின் மூலம் பரவும் ஈரல் அழற்சிக் கிருமிகள் இருக்கின்றன. காது குத்தும் ஊசி, பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றுக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

பழத்திலும் குளிர்பானத்திலும் யாரோ நோயாளியின் இரத்தத்தைக் கலந்துவிட்டதாகக் கைப்பேசியில் அடிக்கடி வதந்தி வருகிறதல்லவா? அதைப் பற்றியும் ஒரு பெண்மணி கேட்டார். ஆகாரத்தின் மூலம் ஹெச்.ஐ.வி. பரவாது. வெளிக்காற்றும் சமையல் உஷ்ணமும் இரைப்பையின் அமிலமும் அதை உருப்படியாக விடுவதில்லை.

"ரத்த தானம் பண்ணினா வருமா?" என்று கேட்டான் ஒரு கல்லூரி மாணவன். கொடுப்பவருக்கு வரவே வராது. உறை பிரிக்காத புது ஊசியைத்தான் அதற்கு உபயோகிக்கிறார்கள். இந்தப் பயத்தினால் தானம் செய்யாமல் நிற்பவர்கள், பிரசவத்தில் இரத்தமின்றித் தவிக்கும் ஒரு தாய்க்கு உதவி மறுப்பவர்கள் ஆகிறார்கள்.

பயப்பட வேண்டிய இடம்

பயமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. டம்ளருக்குப் பயப்படும் நாம், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டுத் தைரியத்துடன் இருக்கிறோம் என்பதே நம் மனக்குறை.

"ஆள் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார், அவருக்கு எப்படி இருக்கும்?" என்பது ஒரு தைரியம். இக்கிருமி உடம்பில் நுழைந்த பின் எட்டு, பத்து வருஷங்கள் வரையில் வெளிக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். "நல்ல குடும்பம், கல்யாணமான பெண், அவளுக்கு எப்படி வரும்?" என்பது மற்றொரு தைரியம். தமிழ் நாட்டில் கணவனைத் தவிர வேறு ஆடவனை அறியாத எத்தனையோ பெண்களுக்கு இந்நோய் கல்யாணத்தின் மூலமாகவே வந்தது. அப்படிப்பட்டவர்களில் ஒருவரான நாமக்கல் பக்கத்து பி. கௌசல்யா, தம் நிலையை ஒளிக்காமல் வெளியே சொல்லி, 1998-இல் தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்து ஒரு சங்கமே அமைத்தார். கல்யாணத்துக்கு முன் ஜாதகம் பார்க்கிறவர்கள், பிள்ளையும் பெண்ணும் இசைந்தால் இரத்தப் பரிசோதனையும் செய்து கொள்வது பெரிய காரியமல்ல.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நேர்ந்த சம்பவத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றிய இரத்தத்தில் ஹெச்.ஐ.வி. இருந்தது. தானம் செய்த இளைஞருக்குத் தமக்குத் தொற்று இருப்பது தெரியாது. வெளிநாடு செல்வதற்காகச் செய்து கொண்ட பரிசோதனையில் அதை அறிந்தவுடன், தாமே ஆஸ்பத்திரிக்குத் தெரியப்படுத்தினார். பிறகு மனமுடைந்து உயிரை மாய்த்துக் கொண்டார். இரத்தத்தைச் சோதித்தவர்களின் கவனக் குறைவு ஓர் உயிரைத் துன்பத்தில் ஆழ்த்தியது. உண்மையைச் சொன்ன இன்னோர் உயிரை வெட்கமும் பீதியும் சேர்ந்து கொண்டு போயின. ஹெச்.ஐ.வி. அவரைக் கொல்லவில்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

மருந்து வந்துவிட்டது

முன்னொரு காலத்தில் இந்நோய் மரண தண்டனையாகவே இருந்தது. இன்று அப்படியில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் அரசாங்கம் கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாக அளித்து வருகிறது. சென்னையை அடுத்த தாம்பரம் நெஞ்சு நோய் மருத்துவமனை அது முதலில் ஆரம்பமான இடங்களுள் ஒன்று. மருந்தை நாள் தவறாமல் உட்கொள்கிறவர்கள் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நெடுங்காலம் வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்துவிட்டால், உடலுறவின் மூலமும் அது பிறருக்குத் தொற்றுவதில்லை. 2016-லும் 2019-லும் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சிகளில், இந்நிலையை அடைந்தவர்களிடமிருந்து அவர்களுடைய துணைவர்களுக்கு ஒரு தடவைகூடத் தொற்று செல்லவில்லை என்று கண்டார்கள்.

தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்வதும் இப்படியே தடுக்கப்படுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்கு வரக்கூடிய நோய், சிகிச்சையினால் 5-க்கும் கீழே போய்விடுகிறது. தொற்று ஏற்பட்டிருக்குமோ என்று நியாயமாகச் சந்தேகிக்கும்படி ஏதேனும் நேர்ந்தால், 72 மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் சென்று 28 நாள் மருந்து சாப்பிட்டுத் தடுத்துக் கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் இவை யாவும் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கே பயன்படும். அரசாங்க ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். 1097 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் சந்தேகங்களைக் கேட்கலாம். தொற்றிய சில வாரங்கள் வரையில் பரிசோதனையில் தெரியாமல் இருக்கக் கூடுமாதலால், வைத்தியர் மறுபடி வரச் சொன்னால் தவறாமல் போக வேண்டும்.

அப்படியிருந்தும் ஜனங்கள் ஏன் தயங்குகிறார்கள்? பரிசோதனைக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் தனி டம்ளர் வந்துவிடும். தனி டம்ளருக்குப் பயந்து பரிசோதனை செய்யாதவர், தமக்கு நோய் இருப்பதை அறியாமலே மனைவிக்கும் குழந்தைக்கும் கொடுத்துவிடுகிறார். நோயைத் தடுக்கவென்று ஏற்பட்ட தனி டம்ளர், இவ்விதம் நோயைப் பரப்புகிறது!

புதிய தீண்டாமை

டீக்கடையில் தனி டம்ளர் வைத்து மனிதரை மனிதர் அவமதித்த பாவத்தைத் தமிழ் நாடு நன்கு அறியும். அந்தப் பழைய பேய் இப்போது சுகாதாரம் என்ற வேஷம் போட்டுக் கொண்டு வருகிறது. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில், ஹெச்.ஐ.வி. உள்ள இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூடாதென்று மற்றப் பெற்றோர் தடுத்தார்கள். 2003-இல் மத்திய சுகாதார மந்திரியாயிருந்த சுஷ்மா ஸ்வராஜ் அக்குழந்தைகளைப் பலர் முன்னிலையில் அணைத்துக் கொண்டார். அதற்கு முன்பே, 1987-இல், லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இளவரசி டயானா கையுறை இல்லாமல் ஓர் எய்ட்ஸ் நோயாளியின் கையைப் பற்றிக் குலுக்கினார். இவர்களுக்கெல்லாம் வெகு முன்னால், சேவாகிராமத்தில் தொழுநோயுற்ற பர்ச்சுரே சாஸ்திரியைத் தம் குடிசையருகே தங்கச் செய்து, தம் கையாலேயே அவருக்கு எண்ணெய் தேய்த்துப் பணிவிடை செய்தார் மகாத்மா காந்தி. ஆயிரம் பிரசங்கங்கள் செய்யாததை இப்படிப்பட்ட ஒரு கை செய்துவிடுகிறது.

சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த சட்டத்தின்படி, ஹெச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலிருந்தோ, பள்ளியிலிருந்தோ, ஆஸ்பத்திரியிலிருந்தோ, குடியிருக்கும் வீட்டிலிருந்தோ அக்காரணத்துக்காக விலக்குவது சட்ட விரோதம். ஒருவர் சம்மதமின்றி அவருக்குப் பரிசோதனை செய்வதும், அவர் நிலையை வெளியிடுவதும் கூடாது. ஆனால் சமையலறை அலமாரிக்குள் எந்தச் சட்டமும் நுழைந்து பார்க்க முடியாது. அங்கே நாமேதான் சட்டம் செய்ய வேண்டும்.

நாம் பேசி முடித்தபோது கீழ்பென்னாத்தூரில் இருட்டத் தொடங்கியிருந்தது. பையன் விளையாட்டிலிருந்து ஓடி வந்து, "தண்ணி" என்றான். அவன் தாய் உள்ளே போகத் திரும்பினாள். ஆயா அதற்குள் அவள் கையிலிருந்த புள்ளி வைத்த டம்ளரை வாங்கி, குடத்துத் தண்ணீரில் அலம்பி, நிரம்ப மொண்டு முதலில் தாம் கொஞ்சம் குடித்தார். பிறகு பேரனிடம் கொடுத்தார்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. பையன் குடித்து முடிக்கும் வரையில் அவன் முகத்தையே பார்த்துக் கொண்டு நின்றாள்.