பவானிபூர் சாலைப் பெயரில் வாழும் 19 வயது விமானி

கொல்கத்தா: மேற்கு வங்க அரசியலில் அடிக்கடி அடிபடும் பெயர் பவானிபூர். 2011, 2021-ஆம் ஆண்டு இடைத்தேர்தல்களில் மம்தா பானர்ஜி வெற்றி பெற்ற தொகுதி அது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வாழ்ந்த எல்ஜின் சாலை இல்லமும் அந்த வட்டாரத்தில்தான் உள்ளது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், இந்திரா திரையரங்கு அமைந்துள்ள பகுதியில், 'இந்திர ராய் சாலை' என்றொரு சாலை இருக்கிறது.

முதல் உலகப் போரில் 13 நாள்களில் 10 எதிரி விமானங்களை வீழ்த்தி, 19-வது வயதில் பிரான்ஸ் வானில் உயிர் துறந்த இந்திர லால் ராயின் நினைவாகச் சூட்டப்பட்ட பெயர் அது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்துவோருக்கு உரிய 'ஏஸ்' என்ற சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

பார்வைக் குறையால் வந்த தடை

1898 டிசம்பர் 2-ம் தேதி கொல்கத்தாவில் பிறந்தவர் ராய். தந்தை பியாரி லால் ராய், பாரிஸ்டர். தாய் லலிதா ராய், 1911-ல் லண்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கோரி நடந்த பேரணியில் பங்கேற்றவர். லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் பயின்ற ராய், 'ராயல் ஃபிளையிங் கோர்' என்ற பிரிட்டிஷ் விமானப் பிரிவில் சேர விண்ணப்பித்தார். கண்பார்வை போதாது என்று நிராகரிக்கப்பட்டார். தமது மோட்டார் சைக்கிளை விற்று, பிரபல கண் மருத்துவர் ஒருவரிடம் மறு பரிசோதனை செய்துகொண்டு, அந்த முடிவை மாற்ற வைத்தார் என்கின்றன அவரது வாழ்க்கைக் குறிப்புகள்.

அதே காலகட்டத்தில் கொல்கத்தாவில், அவரைவிட இரண்டு வயதுகூட மூத்தவரல்லாத சுபாஷ் சந்திர போஸ், 49-வது வங்காளப் படைப் பிரிவில் சேர முயன்றார். அவரும் கண்பார்வை காரணமாகவே திருப்பி அனுப்பப்பட்டார்.

13 நாள் சாதனை

1917 ஜூலையில் அதிகாரியாக நியமனம் பெற்ற ராய், அக்டோபர் இறுதியில் 56-வது விமானப் படைப் பிரிவில் சேர்ந்தார். டிசம்பரில் அவரது விமானம் விபத்துக்குள்ளானது. காயமுற்றிருந்த நாள்களில் அவர் வரைந்த போர் விமான ஓவியங்கள் பல இன்றும் உள்ளன. பறக்கத் தகுதியற்றவர் என்ற மருத்துவ முடிவையும் வற்புறுத்தி மாற்றிக்கொண்டு, 1918 ஜூனில் 40-வது பிரிவில் இணைந்தார்.

ஜூலை 6-ம் தேதி முதல் வெற்றி. 8-ம் தேதி சில மணி நேரத்துக்குள் மூன்று விமானங்கள். 13, 15 தேதிகளில் தலா இரண்டு. 18, 19 தேதிகளில் தலா ஒன்று. இவற்றில் இரண்டு, சக விமானிகளுடன் சேர்ந்து பெற்ற வெற்றிகள். 22-ம் தேதி கார்வான் நகருக்கு மேலே ஜெர்மனியின் ஃபோக்கர் விமானங்களுடன் நடந்த மோதலில் ராயின் விமானம் தீப்பற்றி விழுந்தது. அவரை வழிநடத்திய கேப்டன் ஜார்ஜ் மெக்எல்ராயும் அடுத்த ஒன்பதாம் நாள் போரில் மாண்டார்.

எஸ்தெவெல் கிராமக் கல்லறையில் ராய் அடக்கம் செய்யப்பட்டார். 1918 செப்டம்பரில் 'டிஸ்டிங்குவிஷ்டு ஃபிளையிங் கிராஸ்' விருது அவரது மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. இந்தியர் ஒருவர் இவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை.

யாருடைய வீரர்?

அந்தப் போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பணியாற்றினர். சுமார் 74 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். இந்தியா படிப்படியாகப் பொறுப்பாட்சி பெறும் என 1917 ஆகஸ்டில் பிரிட்டன் அறிவித்திருந்தது. ராய் வீழ்ந்த 1918-ம் ஆண்டு கோடையில், குஜராத்தின் கேடா மாவட்டத்தில் காந்தியடிகளே ராணுவத்துக்கு ஆள் திரட்டிக் கொண்டிருந்தார். போரில் துணை நின்றால் உரிமை கிடைக்கும் என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. ஆனால், ராய்க்கு விருது அறிவிக்கப்பட்டு ஏழு மாதங்களுக்குள் ரௌலட் சட்டம் வந்தது. 1919 ஏப்ரல் 13-ம் தேதி ஜாலியன் வாலாபாகில் துப்பாக்கிகள் வெடித்தன.

அந்த ஏமாற்றத்துக்குப் பிந்தைய தேசிய இயக்க வரலாற்றில், பேரரசின் சீருடையில் மடிந்தவர்களுக்கு இடம் குறுகிப் போனது. 1932-ல் இந்திய விமானப் படை உருவானபோது ராய் மறைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. சுதந்திர இந்தியா அவரது நூற்றாண்டையொட்டி 1998-ல் அஞ்சல் தலை வெளியிட்டது.

பேரரசை எதிர்த்துப் படை திரட்டியவரின் இல்லம் பவானிபூரில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. பேரரசின் படையில் நின்று உயிர் நீத்தவர் அதே வட்டாரத்தில் ஒரு சாலைப் பெயராக இருக்கிறார். பார்வைக் குறை என்று ஒரே காலத்தில் ஒதுக்கப்பட்ட இருவருக்கும் பவானிபூர் இடம் தந்திருக்கிறது. வரலாற்றுப் பாடநூல்களில் அந்த இடம் இன்னும் ஒருவருக்கு மட்டும்தான்.