காரியாலயக் கட்டடங்களுக்கு நட்சத்திர மதிப்பு

திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த நாகலாபுரம், 2022-ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாம்பாளின் பெயரால் அமைத்ததாகக் கூறப்படும் இவ்வூரில், மத்ஸ்யாவதார மூர்த்தியாகிய வேதநாராயணப் பெருமாளின் ஆலயம் மேற்கு நோக்கி அமைந்திருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச்சு மாதப் பிற்பகுதியில் மூன்று நாட்கள், மாலைச் சூரியனின் கதிர்கள் கோபுர வாயிலினூடே நுழைந்து கருவறையை எட்டுகின்றன. முதல் நாள் திருவடியிலும், இரண்டாம் நாள் நாபியிலும், மூன்றாம் நாள் நெற்றியிலும் ஒளி படுவதைக் காண மக்கள் திரளாகக் கூடுகின்றனர்.

பக்தர்களுக்கு இது வழிபாடு. விஞ்ஞான ஆசிரியர்களுக்கு இது ஒரு பாடமும் ஆகும். மார்ச்சு 21-ஆம் தேதியை ஒட்டிச் சூரியன் நேர் மேற்கே மறைகிறது. அந்நாட்களில் அது மறையும் இடம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.4 பாகை வடக்கே நகர்ந்து செல்கிறது. வாயில்களின் வரிசை ஒரே நேர்கோட்டில் அமைந்த நீண்ட ஆலயத்தில், அவ்வளவு நகர்ச்சையே ஒளியைச் சில நாட்களுக்குள் விலக்கிவிடப் போதுமானது. சூரியன் எந்நாளில் எவ்விடத்தில் நிற்கும் என்பதை நன்கறிந்தே ஸ்தபதிகள் கல்லை நிறுத்தினர் என்பது கண்கூடு.

இக்காலத்தில் எழும் காரியாலயக் கட்டடங்கள் பலவற்றில் இந்த அறிவு கைவிடப்பட்டுவிட்டது. மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியால் மூடி, அதன் வழியே உட்புகும் உஷ்ணத்தைக் குளிர்சாதனத்தைக் கொண்டு வெளியேற்றும் வழக்கம் நகரங்களில் பரவியுள்ளது. இதற்குரிய விலையை மின்சாரக் கட்டணச் சீட்டு மாதந்தோறும் தெரிவித்த போதிலும், ஒரு கட்டடத்தின் சீட்டை மற்றொரு கட்டடத்தின் சீட்டோடு ஒப்பிட்டு நோக்கும் அளவுகோல் நெடுநாள் இல்லாதிருந்தது. பெரிய கட்டடம் அதிகம் செலவிடும், சிறியது குறைவாகச் செலவிடும் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலவில்லை.

இக்குறையை நீக்க முற்பட்டது எரிசக்தித் திறன் பணியகம். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002 மார்ச்சில் நிறுவப்பெற்ற இந்த மத்திய ஸ்தாபனம், குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதனம் முதலியவற்றின் மீது ஒட்டப்படும் நட்சத்திரச் சீட்டின் மூலம் பொதுமக்களுக்கு அறிமுகமானது. அதே முறையைக் காரியாலயக் கட்டடங்களுக்கும் விரித்து 2009-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை அது தொடங்கியது. இத்திட்டம் கட்டாயமானதன்று, உரிமையாளர் தம் விருப்பத்தின்பேரில் விண்ணப்பிக்கலாம்.

திட்டத்தின் அடிப்படை எளியது. ஓராண்டில் கட்டடம் உபயோகித்த மின் யூனிட்டுகளை, அதன் கட்டுமானப் பரப்பின் சதுர மீட்டர்களால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணே எரிசக்திச் செயற்குறியீடு ஆகும். வாகனம் நிறுத்துமிடம், புல்தரை, உட்சாலை ஆகியவை பரப்பில் சேரமாட்டா. மின்சார வாரியத்திடம் வாங்கியதோடு டீசல் ஜெனரேட்டரில் உற்பத்தி செய்ததும் கணக்கில் வரும். கூரையில் வைத்த சூரியப் பலகைகள் தரும் மின்சாரம் மட்டும் கணக்கில் வராது. இந்த விலக்கு நன்மைக்காகவே செய்யப்பட்டதாயினும், இதில் ஒரு பலவீனம் உண்டு: உஷ்ணத்தை வாரி உள்ளிழுக்கும் மோசமான கட்டடமும் கூரை நிறையப் பலகைகளைப் பரப்பி நல்ல எண்ணைப் பெற்றுவிடலாம்.

டெல்லியின் வறண்ட கோடையில் நிற்கும் கட்டடத்தையும் சென்னையின் புழுக்கத்தில் நிற்கும் கட்டடத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமன்று. ஆகவே தேசத்தின் தட்பவெப்ப மண்டலங்களில் வெப்ப ஈர மண்டலம், வெப்ப வறள் மண்டலம், கலப்பு மண்டலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அட்டவணைகள் வகுக்கப்பட்டன. தமிழகத்தின் பெரும்பகுதி வெப்ப ஈர மண்டலத்தைச் சார்ந்தது. மேலும், கட்டுமானப் பரப்பில் பாதிக்கு மேல் குளிர்சாதன வசதி பெற்றவை ஒரு வகை, பாதிக்குக் குறைந்தவை மற்றொரு வகை.

தொடக்கத்தில் வகுக்கப்பெற்ற அட்டவணைப்படி, வெப்ப ஈர மண்டலத்தில் பாதிக்கு மேல் குளிரூட்டப்பட்ட காரியாலயம் சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 175 முதல் 200 யூனிட் வரை செலவிட்டால் ஒரு நட்சத்திரம். 25 யூனிட் குறையுந்தோறும் ஒரு நட்சத்திரம் ஏறும். 100-க்குக் கீழே வந்தால் ஐந்து. பாதிக்குக் குறைவாகக் குளிரூட்டப்பட்டதற்கு எல்லைகள் வேறு: 75 முதல் 85 வரை ஒரு நட்சத்திரம், பத்துப் பத்தாக இறங்கி 45-க்குக் கீழே ஐந்து. இரவும் பகலும் இயங்கும் தொலைபேசிச் சேவை நிலையங்களை இந்த எண்ணால் அளந்தால் அவை வீணே பழி சுமக்க நேரிடும். எனவே அவற்றுக்கு வேலை நேரத்தில் மணிக்கு எவ்வளவு செலவு என்ற தனிக் குறியீடு வகுக்கப்பட்டது.

இத்திட்டத்தைக் கட்டட விதித்தொகுப்புடன் குழப்பிக்கொள்வோர் பலர். 2007-இல் வெளியாகி, 2017-இல் திருத்தம் பெற்ற எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, கட்டப்போகும் கட்டடத்தின் வரைபடத்தைப் பரிசீலிப்பது. சுவர்ப் பரப்பில் சாளரம் 40 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது போன்ற வரையறைகள் அதில் அடங்கும். நட்சத்திர மதிப்போ வரைபடத்தைப் பார்ப்பதில்லை. கட்டணச் சீட்டையே பார்க்கிறது. சிறந்த வரைபடத்தின்படி எழுந்த கட்டடத்தில் ஆளில்லாத அறைகளில் விளக்கெரிந்தால் விதித்தொகுப்பு அதனை அறியாது, மின்மானி அறியும்.

இவ்விஷயத்தில் ஆஸ்திரேலியாவின் அனுபவம் கவனத்துக்குரியது. அங்கு 1998-இல் தொடங்கிய 'நேபர்ஸ்' என்னும் மதிப்பீட்டு முறையும் பன்னிரண்டு மாத உண்மையான உபயோகத்தையே அளக்கிறது. அங்கும் முதலில் இது விருப்பத்துக்குரியதாகவே இருந்தது. 2010-இல் இயற்றிய சட்டத்தின்படி, பெரிய காரியாலயக் கட்டடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ முன்வருவோர் அதன் மதிப்பை விளம்பரத்திலேயே வெளியிட வேண்டும் என்றாயிற்று. குறைந்த நட்சத்திரம் பெற்றவர் விண்ணப்பமே செய்யாமல் ஒதுங்கிவிடும் வாய்ப்பு இதனால் அடைபட்டது. இந்தியத் திட்டத்தில் அந்த வாய்ப்பு இன்னும் திறந்தே கிடக்கிறது. தம் கட்டடம் சிறந்தது என்று நம்புவோரே முன்வருவர். மற்றவரை அறிய வழியில்லை.

அளவுகோலிலும் சில கோணல்கள் உள. பரப்பால் வகுப்பதால், பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் காரியாலயம் திறமையுடையதாகத் தோன்றும். நெருக்கமாக அமர்ந்து இருமடங்கு வேலை செய்யும் காரியாலயம் வீண்செலவு செய்வதாகத் தோன்றும். விசிறியும் இன்றி வியர்த்து உழலும் அறையின் எண் மிகச் சிறியதாக இருக்கும்; அதனைத் திறமை என்று கொள்வதற்கில்லை.

பிறிதொரு வரம்பும் உண்டு. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்பு மின்பளு உள்ள கட்டடங்களே இத்திட்டத்துக்கு உரியவை. மண்டலக் காரியாலயம், உயர்நிலைப் பள்ளி, கால்நடை மருந்தகம் போன்றவை அந்த அளவை எட்டுவது அரிது. நாகலாபுரம் போன்ற ஊர்களில் அரசாங்கக் கட்டடங்கள் பெரும்பாலும் இத்தகையனவே. அவற்றுக்கு நட்சத்திரப் பலகை கிட்டாது. ஆயினும் வகுத்தல் கணக்கைச் செய்துகொள்ள எவருடைய அனுமதியும் தேவையில்லை.

உதாரணமாக, 400 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு காரியாலயம் ஆண்டில் 24,000 யூனிட் செலவிடுவதாகக் கொள்க. குளிர்சாதனம் இரண்டொரு அறைகளில் மட்டும் உளது. வகுத்தால் 60, மேற்கண்ட அட்டவணையில் மூன்று நட்சத்திரத்துக்கு ஒப்பு. அங்கே 40 பழைய மின்விசிறிகள் சுழல்கின்றன. ஒவ்வொன்றும் 75 வாட் கொள்ளும். இக்காலத்து நேர்மின் மோட்டார் விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு எட்டு மணி வீதம் ஆண்டில் 250 நாட்கள் ஓடினால், விசிறி ஒன்றுக்கு மிச்சம் 90 யூனிட். நாற்பதுக்கும் 3,600 யூனிட். குறியீடு 51-க்கு இறங்கும். அது நான்கு நட்சத்திரத்துக்கு ஒப்பாகும். வேறெதையும் தொடாமலே இவ்வளவு.

குளிர்சாதனம் உள்ள அறைகளில் உஷ்ணநிலையை ஒரு பாகை உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது பணியகத்தின் மதிப்பீடு. 2020 ஜனவரி முதல் நட்சத்திரச் சீட்டுள்ள அறைக் குளிர்சாதனங்கள் யாவும் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. அதற்கு முன் வாங்கியவற்றில் அதனைக் கையால் மாற்றிவைத்தல் வேண்டும்.

புதிதாகக் கட்டுவோர் தொடங்க வேண்டிய இடம் ஆலயத்து ஸ்தபதி தொடங்கிய இடமே. நாகலாபுரம் வட அட்சம் 13 பாகைக்குச் சற்று மேல் உளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகற் சூரியன் அங்கே உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. ஆதலின் கோடையில் உஷ்ணத்தை முதன்மையாக ஏற்பது கூரை. முற்காலத்து மதராஸ் டெரஸ் தளமும் அதன் மேலிட்ட செங்கற்சல்லிச் சுண்ணாம்பும் இதற்கென்றே அமைந்தவை. இன்றைய கான்கிரீட் தளத்துக்கு வெள்ளைப் பூச்சேனும் அவசியம். தென்சுவரைக் காப்பது எளிது: டிசம்பர் 22-ஐ ஒட்டி நண்பகற் சூரியன் 53 பாகை உயரத்தில் நிற்பதால், ஒரு மீட்டர் உயரமுள்ள சாளரத்துக்கு முக்கால் மீட்டர் தாழ்வாரம் நிழல் தரும். மேற்குச் சுவரை எந்தத் தாழ்வாரமும் காப்பதில்லை. அங்கே மாலைச் சூரியன் தாழ்ந்து வந்து நேரே நுழையும். நாகலாபுரத்தில் நெடுந்தூரம் கடந்து கருவறையை எட்டுவதும் அக்கதிரே. கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்க, மாடிப்படி, பண்டக அறை, கழிப்பறை ஆகியவற்றை மேற்கே வைப்பது நல்ல ஏற்பாடு.

பள்ளிகளில் மேல்வகுப்பு மாணவர்களைக் கொண்டு இக்கணக்கைச் செய்விக்கலாம். பன்னிரண்டு மாதக் கட்டணச் சீட்டுகளும் ஓர் அளவு நாடாவும் போதும். கணக்கு முடிந்தபின் மற்றொரு சோதனை: சனிக்கிழமை மாலை கதவைப் பூட்டும்போது மின்மானியின் எண்ணைக் குறித்து, திங்கட்கிழமை காலை திறந்தவுடன் மீண்டும் குறிக்க வேண்டும். பூட்டிக்கிடந்த ஒன்றரை நாளில் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்பதையும், எந்தச் சாதனம் அதனை உண்டது என்பதையும் மாணவர்களே அறை அறையாகச் சென்று கண்டுபிடிக்கட்டும்.