நல்ல பள்ளிக்கூடம் யார் பொறுப்பு?

இரயில்வேயில் நான் பணிபுரிந்த காலத்தில், மாற்றல் உத்தரவு வந்ததும் எங்கள் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அந்த ஊரில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறதா?" என்பதுதான். அன்பர்கள் பலரும் இதே கவலையைப் பட்டிருப்பீர்கள். இக்கவலையைத் தீர்க்கப் பிற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவில் பொதுப் பள்ளிச் செலவில் கணிசமான பகுதி அந்தந்த வட்டாரச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு உயர்ந்த பகுதியில் பள்ளிக்கும் பணம் அதிகம். இதை எதிர்த்து டெக்சாஸ் பெற்றோர் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 1973-ல் ஏற்கவில்லை. நீதிபதிகளில் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம்!

ஜப்பானில் பொதுப் பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மத்திய அரசு தருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆசிரியர்களுக்குப் பள்ளி மாற்றலும் உண்டு. எனவே நல்ல ஆசிரியர்கள் ஒரே இடத்தில் தங்கிவிடுவதில்லை.

பின்லாந்து, எல்லோருக்கும் பொதுவான ஒன்பதாண்டுப் பள்ளியை 1972-ல் வடகோடி லாப்லாந்தில் தொடங்கியது. தலைநகர் ஹெல்சிங்கிக்கு அது 1977-ல்தான் வந்தது.

நமது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவினருக்கு ஒதுக்குகிறது. நல்லதுதான். ஆனால், மற்ற பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளி உயர்ந்தால்தான் முழு நியாயம் கிட்டும்.

அதுவரை, நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் இந்த ஒதுக்கீட்டைப் பற்றிச் சொல்லுவோம். விண்ணப்பத்தையும் நாமே நிரப்பிக் கொடுப்போம்.