வான்வழியும் கடிகார மணியும்

சென்ற ஆண்டு ஒரு நாள் விடியற்காலையில் எங்கள் ஆயா காலமானார். மாத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் தொலைபேசியில், "ராத்திரி எட்டு மணிக்கு பிளேன். ஒன்பதரைக்குச் சென்னையில இறங்கிடுவேன். ஆயாவை எடுத்துடாதீங்க" என்று அழுதான்.

பெரியப்பா துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். 1985-ல் தீ விபத்துக்குள்ளாகும் வரை ஓடிய 'சிதம்பரம்' கப்பலைக் கண்ணாரக் கண்டவர். அதில் சிங்கப்பூர் செல்லப் பல நாட்களாகும். "ஒன்றரை மணி நேரத்துல சிங்கப்பூர்லருந்து வர முடியுமா? அவன் சொல்றது நாளை ராத்திரி. அதுவரைக்கும் வைக்க முடியாது. சாயந்திரமே எடுத்துடலாம்" என்றார். பெரியவர்கள் தலையசைத்தார்கள்.

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அன்று போட்ட கணக்கைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் தூரம். பூமி உருண்டை. ஆகவே உலக உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அதுவே மிகக் குறுகிய வழி. சென்னை - சிங்கப்பூர் இடையே அது சுமார் 2,900 கி.மீ. விமானம் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறந்தால் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். ஏறவும் இறங்கவும் வேகம் குறைவதால் அரை மணி கூட்டினால் நான்கு மணி நேரம்.

அப்படியானால் கடிகாரம் ஒன்றரை மணி காட்டுவானேன்? பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நம் நாட்டு நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டது. சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகையில் இருந்தாலும், 1982 முதல் 120 பாகைக்குரிய நேரத்தையே வைத்திருக்கிறது. வித்தியாசம் 37.5 பாகை, அதாவது இரண்டரை மணி. அங்கே இரவு எட்டு என்றால் இங்கே மாலை ஐந்தரை. அதனுடன் நான்கைக் கூட்டினால் அன்றிரவு ஒன்பதரை!

இங்கிருந்து அங்கே போகும்போது இதுவே தலைகீழ். பயணம் நான்கு மணி நேரமே; கடிகாரமோ ஆறரை மணி நேரம் கடந்ததாகக் காட்டும்.

பெரியப்பா கணக்கை இரண்டு முறை கேட்டார். பிறகு ஐஸ் பெட்டிக்கு ஆள் அனுப்பினார். அடக்கம் மறுநாள் காலைக்கு மாறியது.

விமானம் சொன்ன நேரத்திற்கு இறங்கியது. ஆனால் மீனம்பாக்கத்தில் சோதனைகள் முடிந்து, சுமார் 30 கி.மீ. தாண்டி, கண்டெய்னர் லாரிகளுக்கிடையே ஊர்ந்து அண்ணன் வீடு சேர நள்ளிரவு கடந்துவிட்டது. கடல் தாண்ட நான்கு மணி. நகரம் தாண்ட ஏறத்தாழ இரண்டு மணி! இதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமென்று அன்றுதான் கற்றேன்.

அண்ணன் ஆயாவின் முகத்தைப் பார்த்தான். வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த தீர்க்கரேகைப் பாடம் அன்று எங்கள் வீட்டுக்கு உதவியது. நண்பர்களே, படித்த பாடம் எதுவும் வீண் போவதில்லை.