மஞ்சள் விளக்கும் மைனஸ் நாற்பது பாகையும்

ரொறொன்ரோப் பெரும்பாகத்தில் வாழும் எம்மவரிற் பலருக்குக் கார் ஆடம்பரப் பொருளன்று. நள்ளிரவில் முடியும் தொழிற்சாலை வேலைக்கும் விடியுமுன் தொடங்கும் துப்புரவு வேலைக்கும் பஸ்ஸை நம்பிப் போகமுடியாத குடும்பங்கள், கையிலுள்ளதைத் திரட்டிப் பழைய காரொன்றை வாங்கி ஓட்டுகின்றன. அதன் முகப்பில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கினால், வீட்டு வாடகையா, ஊருக்கு அனுப்பும் பணமா, கராஜ் பில்லா என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

நாமறிந்த குடும்பமொன்று இவ்விளக்கை அணைப்பதற்காக மூன்று பாகங்களை மாற்றியது. விளக்கு அணையவில்லை. இறுதியிற் கண்ட பிழை, எயார் பில்டர் பெட்டியருகே கழன்று கிடந்த சிறியதொரு வயர் இணைப்பு! பில்டரை மாற்றியவர் திரும்பப் பூட்ட மறந்திருந்தார்.

அந்த இணைப்புக்குரிய பொருளைத்தான் மெக்கானிக்குகள் ‘எயார் ரெம்பரேச்சர் சென்சர்’ என்கின்றனர். எஞ்சினுக்குள் புகும் காற்றின் வெப்பநிலையைக் காரின் கணினிக்கு அறிவிப்பதே அதன் தொழில். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. மைனஸ் 20 பாகையில் உள்ள காற்று, 30 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கனமானது. காற்றுக் கூடினால் பெற்றோலும் கூடவேண்டும். எனவே சென்சர் பொய் சொன்னால் எரிபொருட் கணக்கும் பிழைத்துவிடும்.

சென்சரினுள்ளே இருப்பது ஒரு மின்தடை மட்டுமே. குளிர்ந்தால் தடை ஏறும், சூடானால் இறங்கும். கணினி 5 வோல்ற்றை அனுப்பி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணிக்கிறது. வயர் அறுந்தாலோ கழன்றாலோ 5 வோல்ற்றும் அப்படியே நிற்கும். கணினியோ அதனைக் கடுங்குளிர் என்று எண்ணி, ஆடி மாத வெயிலிலும் மைனஸ் 40 பாகை என்று காட்டும். கனடாவில் 1998ஆம் ஆண்டு மாதிரி முதற்கொண்டு வந்த கார்களில், இந்நிலைக்குரிய குறியீடு பி 0113. மின்னழுத்தம் ‘உயர்வு’ என்பது அதன் பொருள். வெப்பம் உயர்வு என்று கருதிப் பலர் தடுமாறுவது இவ்விடத்தில்தான். இதற்கு எதிரானது பி 0112: வயர்கள் ஒன்றோடொன்று உரசி மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது, கணினிக்கு அது கொதிக்கும் காற்றாகத் தெரியும்.

இக்குறியீடுகள் சென்சர் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. அதன் மின்சுற்றில் எங்கோ கோளாறு என்று மட்டுமே சொல்கின்றன. சென்சர், வயர், இணைப்பு, அரிதாகக் கணினி ஆகிய நான்கில் எதுவும் காரணமாகலாம். குறியீட்டை வாசித்தவுடனே புதிய சென்சரை விற்க முனைபவரிடம், “அளந்து பார்த்தீர்களா?” என்று கேட்பது வாசகர்களின் உரிமை.

குறியீடு வாசிக்கும் சிறுகருவி ஒன்றிருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். இரவு முழுவதும் நின்ற காரில், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, காற்றின் வெப்பநிலையையும் குளிராக்கி நீரின் வெப்பநிலையையும் வாசியுங்கள். இரண்டும் வெளிக்குளிருக்கு அண்மையாக இருக்கவேண்டும். (எஞ்சின் சூடாக்கியை இரவில் மின்சாரத்திற் செருகியிருந்தால் இச்சோதனை பொருந்தாது.) காற்று மட்டும் மைனஸ் 40 என்றால், முதலில் இணைப்பைப் பாருங்கள். ரொறொன்ரோ வீதிகளின் உப்பு அதன் ஊசிகளைப் பச்சையாக அரித்திருக்கலாம்.

இணைப்புச் சரியாயின் அதனைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் சிறு கம்பியால் தொடுங்கள். இப்போது வாசிப்பு நூறு பாகைக்கு மேல் தாவினால் வயரும் கணினியும் நலம், குற்றவாளி சென்சரே. தாவாவிடின் வயரைத் தேடவேண்டும். இச்சோதனை இரண்டு வயருள்ள சென்சருக்கு மாத்திரமே. சில கார்களில் காற்றின் அளவையும் வெப்பத்தையும் ஒரே கருவி அளக்கும்; அங்கே நாலைந்து வயர்கள் வரும். படம் பார்க்காமல் அவற்றைத் தொடாதீர்கள்.

சென்சரைக் கழற்றி மல்ற்றிமீற்றராலும் அளக்கலாம். பல கார்களில் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், பூச்சியத்தில் 5 முதல் 6 கிலோ ஓம் காட்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் எண் மாறும், திசை மாறாது. குளிர்சாதனப் பெட்டியில் சிறிதுநேரம் வைத்துப் பின்னர் தலைமயிர் உலர்த்தியைப் பிடித்தால், தடை சீராக இறங்கவேண்டும். தட்டும்போது எண் துள்ளினால் மாற்றிவிடுங்கள்.

கார் உதறுவதற்கும் பெற்றோல் குடிப்பதற்கும் இச்சென்சர்தான் காரணம் என்று எல்லாப் பழியையும் அதன்மேல் சுமத்துவதையும் நாம் ஏற்கவில்லை. குளிரிற் கிளம்ப மறுக்கும் காருக்கு, குளிராக்கி நீரின் சென்சரையும் பற்றரியையும் முதலிற் சந்தேகிப்பது நன்று. காற்றின் அழுத்தத்தைக்கொண்டு கணக்கிடும் கார்களில், பழைய ஹொண்டாக்கள் பலவற்றைப் போல, இதன் பொய் பெரிதாகத் தெரியும். காற்றை நேரடியாக அளக்கும் கார்களில் அவ்வளவாகத் தெரியாது.

ஒன்ராறியோவில் தனியார் கார்களுக்கான புகைப்பரிசோதனை 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டதன் பின்னர், விளக்கை எரியவிட்டே ஓடுவோர் பலர். மிகைப் பெற்றோல் தொடர்ந்து எரியுமாயின், புகைபோக்கியிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டர் சூடேறிப் பழுதாகலாம். அதன் விலை சென்சரின் விலையைப் போலப் பன்மடங்கு. விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், வேறொரு புதிய கோளாறு வரும்போது அதனை அறியவும் வழியிருக்காது.