நெலு பூத்த மலையிலே

குறிஞ்சித் திணைக்கு மலையும் மலைசார்ந்த இடமும் நிலம் என்பதை நம் மாணவர் தயங்காது ஒப்புவிப்பர். ஆயினும், அத்திணைக்குப் பெயர் தந்த செடியின் நெருங்கிய இனங்கள் நம் மலைநாட்டிலும் வளர்கின்றன என்பதை அறிந்தோர் சிலரே. சிங்கள மக்கள் அவற்றை 'நெலு' என்பர். அவற்றுட் சில பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூப்பன.

2013ஆம் ஆண்டு ஹோர்ட்டன் சமவெளியில் அவை பூத்தபோது, நண்பர் இருவருடன் ஒகியா புகையிரத நிலையத்திலிருந்து மலைவழியே நடந்து சென்றேன். ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் விரிந்து கிடக்கும் அச்சமவெளி, 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பனிமூட்டத்தினூடே மரைகள் சில புல் மேய்ந்துகொண்டிருந்தன. புல்வெளி முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எங்கள் கால்கள் தாமே நின்றன. குடை விரித்தாற்போன்ற கீன மரங்களின் நிழலில் ஆளுயரத்துக்கு நெலுச் செடிகள். செடிதோறும் ஊதாவும் வெண்மையுமாகப் பூக்கள். எங்கும் தேனீக்களின் ரீங்காரம். குறுந்தொகைப் பாட்டொன்று குறிஞ்சிப் பூவின் தேனைச் சிறப்பித்துப் பேசுவதன் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கிற்று.

ஒருமுறை பூத்துக் காய்த்ததும் இச்செடி மடிந்துவிடும். அது சிந்தும் விதைகளே அடுத்த தலைமுறை. விதை முற்றுங் காலத்திற் காட்டுக்கோழிகள் திரண்டு வந்து அவற்றைப் பொறுக்கித் தின்னும். காடு முழுவதும் ஒருங்கே பூத்து ஒருங்கே விதைப்பதனால், தின்பவை தின்ற பின்னரும் முளைப்பதற்கு விதை எஞ்சும் என்று தாவரவியலார் விளக்குவர். கோழிக்குரிய பங்கையும் ஒதுக்கிவைத்த அச்செடி, மனிதன் கைக்குப் பங்கெதுவும் வைத்ததாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியிலே, கைநிறைய நெலுக் கொத்துக்களை ஒடித்துக்கொண்டு இளைஞர் சிலர் எதிரே வந்தனர். மாலைக்குள் வாடிவிடும் பூக்கள் அவை. அவற்றோடு, விழவேண்டிய விதைகளும் மலையைவிட்டு நீங்கின. தேசியப் பூங்காவிற் செடிகளை ஒடிப்பது சட்டப்படி குற்றம். ஆயினும், காவலர் காணாத இடத்தில் அக்கையைத் தடுக்க வல்லது அறிவு ஒன்றே. அதனை ஊட்டும் பொறுப்பு நம் வகுப்பறைகளுக்கு உண்டு.

நெலு பூத்த ஆண்டில் முதலாம் வகுப்பிற் சேரும் பிள்ளை, அதன் விதையில் எழுந்த செடி பூக்கும்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் பருவத்தை எய்திவிடும். அப்பிள்ளைக்குக் குறிஞ்சியைப் பாடமாக மட்டுமன்றிப் பூவாகவும் காட்டவேண்டுமாயின், இன்று பூத்ததை அதன் செடியிலேயே விட்டுவரப் பழகுவோம்.